லடாக் 8 நாள் பேக்கேஜ்: அப்பா, அம்மா, 9 வயது மகளோடு போகலாமா? (கிருஷ்ணகிரி)

காவேரிப்பட்டணம் தோப்பு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில், மகளின் காலாண்டு விடுமுறையில் லடாக் போக எண்ணியிருக்கிறோம். மே, ஜூனில் மாங்காய் வேலை கழுத்தைப் பிடிக்கும், எங்களால் நகர முடியாது. காலாண்டு விட்டால் அடுத்த வாய்ப்பு ஒரு வருடம் கழித்துத்தான்.

போகிறவர்கள் ஐந்து பேர். அப்பாவுக்கு 64, பத்து வருடமாக பிரஷர், சுகர் மாத்திரை. இன்சுலின் இல்லை. அம்மாவுக்கு 58, முழங்கால் வலி, படி ஏறினால் சிரமம். அப்புறம் நான், மனைவி, மகள். எல்லோரும் நன்றாக நடப்பவர்கள்தான். அப்பா இன்னும் தினமும் தோப்பைச் சுற்றி வருகிறார்.

ஒரு டிராவல்ஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பிய திட்டம் இது. முதல் நாள் காலை லேயில் இறங்கி, மதியமே சாந்தி ஸ்தூபி, லே அரண்மனை. இரண்டாம் நாள் பாங்காங் ஏரி, அங்கேயே டென்ட்டில் இரவு. மூன்றாம் நாள் ஷ்யோக் வழியாக நூப்ரா. நான்காம் நாள் நூப்ரா. ஐந்தாம் நாள் கார்துங் லா ஏறி லே. ஆறு, ஏழு ஹான்லே. எட்டாம் நாள் விமானம்.

கேட்க விரும்புவது: இந்த வரிசை சரியா? அப்பாவுக்கு ஆக்ஸிஜன் பாட்டில் இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போகலாமா? முன்னதாக ஊட்டிக்குப் போய் நான்கு நாள் தங்கினால் உடம்பு பழகுமா? குளிருக்கும் சாப்பாட்டுக்கும் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

---

வத்தல்மலை

அண்ணா, இந்த வரிசையில் போகாதீர்கள். இடங்கள் எல்லாம் நல்ல இடங்கள்தான், அடுக்கிய விதம் தவறு. லடாக் பயணத்தைக் கிலோமீட்டரை வைத்துத் திட்டமிடக் கூடாது. ஒவ்வொரு இரவும் எத்தனை அடி உயரத்தில் தலை சாய்க்கிறோம் என்பதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 அடி. லே 11,500 அடி. விமானம் ஒன்றே கால் மணி நேரத்தில் டெல்லியிலிருந்து அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். லேயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 65 சதவீதம். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு மாறுவதில்லை, ஆனால் காற்றே மெலிந்திருப்பதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்ஸிஜன் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பாங்காங்கில், 13,900 அடியில், அழுத்தம் 60 சதவீதம் அளவுக்கு இறங்கும். சாங் லா, கார்துங் லா கணவாய்களில் பாதிதான்.

உடம்பு இதற்குப் பழக நேரம் கேட்கும். 10,000 அடிக்கு மேல், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 1,600 அடிக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் உள்ள பொது விதி. பகலில் கணவாய் ஏறி இறங்குவது வேறு, அங்கே படுத்துத் தூங்குவது வேறு. தூக்கத்தில் மூச்சு மெதுவாகும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் இன்னும் குறையும், அதனால்தான் தொல்லை பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் தொடங்குகிறது. உங்கள் பேக்கேஜில் இரண்டாம் இரவே லேயை விட 2,400 அடி மேலே பாங்காங்கில் படுக்கிறீர்கள்.

அதைவிட முக்கியமான இன்னொன்றைப் பேக்கேஜ் எழுதுகிறவர்கள் சொல்வதே இல்லை. மலைநோய், அதாவது உயரம் ஒத்துக்கொள்ளாமல் வரும் நோய், வந்தால் முதல் மருந்து கீழே இறங்குவது. ஆனால் பாங்காங்கிலிருந்து லே மருத்துவமனைக்கு வர, 17,500 அடிக்கு மேல் இருக்கும் சாங் லாவை ஏறித்தான் இறங்க வேண்டும். மூச்சுக்குத் திணறுகிறவரை நள்ளிரவில் இன்னும் 3,600 அடி மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டிய நிலை அது. நூப்ராவில் ஹுண்டர், திஸ்கிட் எல்லாம் 10,000 அடியை ஒட்டித்தான், லேயை விடத் தாழ்வு, தூங்க நல்ல இடம். ஆனாலும் அங்கிருந்து லே திரும்ப கார்துங் லா, 17,582 அடி. திஸ்கிட்டில் அரசு மருத்துவமனை இருப்பது ஓர் ஆறுதல்.

லடாக் யூனியன் பிரதேசம் 59,146 சதுர கிலோமீட்டர். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் போல 11 மடங்குக்கு மேல். 2011 கணக்கெடுப்பில் அங்கே மக்கள் 2.74 லட்சம், நம் மாவட்டத்தில் 18.8 லட்சம். மாவட்டம் முழுவதும் ஊர் ஊராக ஆஸ்பத்திரி இருக்கும் நம் கண்ணோடு அந்த வெளியைப் பார்க்கக் கூடாது.

உங்கள் மற்ற கேள்விகளுக்கு வருகிறேன்.

ஊட்டி உதவாது. அது 7,350 அடிதான். 8,000 அடிக்குக் கீழே தங்குவதால் உடம்பு பழகுவது மிகக் குறைவு, பழகியதும் ஊர் திரும்பிச் சில நாளில் கரைந்துவிடும். அப்பா தினமும் நடப்பது நல்லது, கணவாயில் இறங்கி நடக்கும்போது களைப்பு குறையும். ஆனால் உடல் வலிமைக்கும் மலைநோய்க்கும் தொடர்பு இல்லை. வத்தல்மலையை ஓடி ஏறுகிற பையனுக்கும் லேயில் தலைவலி வரும், அவன் பாட்டிக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கும். வலிமையானவர்கள்தான் சில நேரம் அதிகம் மாட்டுகிறார்கள், முதல் நாளே ஓடியாடிவிடுவதால்.

ஆக்ஸிஜன் பாட்டிலை இங்கிருந்து கொண்டுபோக முடியாது, அழுத்தத்தில் அடைத்த ஆக்ஸிஜனை விமானத்தில் விட மாட்டார்கள். லேயிலேயே கிடைக்கும். கையில் பிடிக்கிற ஸ்ப்ரே கேன் வாங்கினால் அது மனத்துக்குத்தான் ஆறுதல். 10 லிட்டர் என்று எழுதியிருக்கும் கேன், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 5 நிமிடத்தில் தீரும். ரெகுலேட்டரும் மாஸ்க்கும் உள்ள சிறிய இரும்பு சிலிண்டரை லேயில் வாடகைக்கு எடுங்கள். வண்டியில் ஏற்றும்முன் மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று திறந்து பாருங்கள், பாதி காலியானதைக் கொடுத்துவிடுவதுண்டு. சிலிண்டர் இருக்கிறது என்பதற்காக மேலே தங்கக் கூடாது. கீழே கொண்டுவரும் வரை தாங்குவதற்குத்தான் அது.

மலைநோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி எல்லோரும் கேட்பார்கள். பெரியவர்களுக்கு வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று, மாலை ஒன்று. ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி, மேலே போய் இரண்டு நாள் வரை. ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு ஆகாது. சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனி மதமதக்கும், சோடா குடித்தால் கசக்கும், இவை பயப்பட வேண்டியவை அல்ல. அப்பாவின் பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கிற மருந்து ஏற்கெனவே இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் உப்புச்சத்து குறையும். அதனால் அப்பாவை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் மாத்திரைச் சீட்டோடு போய், லே 11,500 அடி, கணவாய் 17,500 அடி என்று எண்ணோடு சொல்லிக் கேளுங்கள். "வடக்கே டூர் போகிறோம்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு விஷயம் போய்ச் சேராது. ஓர் ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். மகளுக்கு அளவு எடையைப் பொறுத்தது, குழந்தை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லேயில் 85 முதல் 90 வரை காட்டினால் பதற வேண்டாம், அந்த உயரத்தில் பலருக்கும் அப்படித்தான். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, விரலைச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டுப் பாருங்கள். எண்ணை விட ஆளைப் பாருங்கள். தலைவலியோடு குமட்டல், சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு என்றால் மலைநோய் தொடங்கிவிட்டது, சரியாகும் வரை அதே உயரத்தில் ஓய்வு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நுரைச் சளி என்றால் நுரையீரலில் நீர் கோக்கிறது. குழப்பமாகப் பேசுவது, குதிகாலும் விரலும் தொட நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தடுமாறுவது என்றால் மூளை வீங்குகிறது. இந்த இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதே நேரம் வண்டி, ஆக்ஸிஜன், மருத்துவமனை. லேயில் எஸ்.என்.எம். மருத்துவமனைக்கு இந்த நோயாளிகளைப் பார்த்துப் பழக்கம் உண்டு.

ஹான்லேயை இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். 14,000 அடி, லேயிலிருந்து ஒரு முழுப் பகல் ஓட்டம். மகளுக்கு நட்சத்திரம் காட்டத்தான் என்றால் நம் பக்கத்திலேயே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. ஹான்லேயில் இருக்கும் 2 மீட்டர் தொலைநோக்கியும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துடையதுதான். அதைப் பெங்களூரை அடுத்த ஹொஸ்கோட்டையில் உட்கார்ந்து இயக்குகிறார்கள். ஓசூரிலிருந்து கூப்பிடு தூரம்.

---

ஓசூர் 44

மேலே சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். வண்டி, அனுமதி, போன் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் போன். வெளி மாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டும்தான். ஐந்து பேரில் இரண்டு பேராவது, வெவ்வேறு நிறுவன சிம்மை, கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே போஸ்ட்பெய்டாக மாற்றிவிடுங்கள். கடைசி நாளில் மாற்றினால் நடுவழியில் சிம் அணைந்து கிடக்கும். லேயை விட்டு வெளியே போனால் பல மணி நேரம் சிக்னல் இருக்காது. சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே, போன்பே எதுவும் ஓடாது, அதனால் லேயிலேயே ஏடிஎம்மில் பணம் எடுத்து, 100, 200 ரூபாய்த் தாள்களாகவும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

விமானம்: கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளி (பெங்களூர் ஏர்போர்ட்), அங்கிருந்து டெல்லி, அப்புறம் லே. லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். வெயில் ஏறினால் மெலிந்த காற்று இன்னும் மெலியும், பாரத்தோடு மேலே எழுவது கஷ்டம். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்றும் கிளம்பிவிடும். அதனால் பலர் இரவு பெங்களூரில் ஏறி, நள்ளிரவு டெல்லி ஏர்போர்ட் நாற்காலியில் உட்கார்ந்து, விடியற்காலை லே விமானம் பிடிக்கிறார்கள். தூக்கமில்லாத உடம்போடு 11,500 அடியில் இறங்கினால் முதல் நாள் தலைவலி இரண்டு மடங்கு. அப்பா அம்மாவுக்காக முந்தைய மதியமே டெல்லி போய், ஏர்போர்ட் பக்கம் அறை எடுத்து நன்றாகத் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு டிக்கெட்டும் தனித்தனி என்றால் எந்த டெர்மினல் என்று இரண்டையும் பாருங்கள்.

வானிலையால் லே விமானம் ரத்தாவது சாதாரணம். திரும்பும் நாளுக்கும் பள்ளி திறக்கும் நாளுக்கும் நடுவே குறைந்தது ஒரு நாள் இடைவெளி வேண்டும். டெல்லி பெங்களூர் டிக்கெட்டை அதே நாள் நெருக்கமாகப் போடாதீர்கள்.

வண்டி: லேயில் டாக்ஸி யூனியன் ஒவ்வொரு வழிக்கும் கட்டணம் நிர்ணயித்திருக்கிறது, அது ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. ஐந்து பேருக்கு இன்னோவா போன்ற வண்டி போதும். பேசும்போது போக, வர, தங்கும் இரவு, டிரைவர் படி எல்லாம் சேர்ந்ததா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வெளியூர் பதிவெண் உள்ள வாடகை வண்டியை வைத்து அங்கே சுற்ற விட மாட்டார்கள், வழியில் மறித்துத் திருப்பி அனுப்புவார்கள்.

அனுமதி: நூப்ரா, பாங்காங் போவதற்கான சுற்றுச்சூழல் கட்டணமும் அனுமதியும் லே மலை வளர்ச்சி கவுன்சிலின் இணையதளத்தில் கட்டலாம். விதி வருடத்துக்கு வருடம் மாறுவதால் கிளம்பும் வாரத்தில் தளத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். ஐந்து பேரின் ஆதார் அசலும், அனுமதிச் சீட்டில் நான்கைந்து பிரதியும் வண்டியில் இருக்க வேண்டும், சோதனைச் சாவடிக்கு ஒன்று கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

ஷ்யோக் வழிச்சாலை பற்றி: அங்கே சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடைகள் பாயும். காலையில் கணுக்கால் அளவு இருக்கும் ஓடை, வெயிலில் பனி உருகி மாலை நான்கு மணிக்குத் தொடை அளவு ஆகிவிடும். செப்டம்பர் கடைசியில் உருகுதல் குறையும் என்றாலும், அந்த வழி போகிறவர்கள் காலை ஏழுக்குள் கிளம்பிவிட வேண்டும்.

---

காரிமங்கலம் அடுப்படி

தம்பி, சாப்பாடும் துணியும் நான் சொல்கிறேன்.

லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர சூடு போதாது. திறந்த பாத்திரத்தில் அரிசி வெளியே குழைந்து உள்ளே நறுக்கென்று நிற்கும், பருப்பு வேகவே வேகாது. குக்கரில்கூட நம் ஊர்ச் சூடு வராது. குக்கர் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் தன் அழுத்தத்தை ஏற்றுகிறது, வெளியே குறைந்தால் உள்ளேயும் குறையும். இங்கே மூன்று விசில் என்றால் அங்கே ஐந்து வையுங்கள், பருப்பை முன்கூட்டி ஊற வையுங்கள். வீட்டோடு தங்கும் ஹோம்ஸ்டே எடுத்தால் கேட்டுக்கொண்டு அடுப்படியில் சமைக்கலாம், ஹோட்டலில் முடியாது.

அப்பாவுக்குக் களி இல்லாமல் ஆகாது என்றால் ராகி மாவு இரண்டு கிலோ போதும், ஐந்து பேருக்கு நான்கு வேளை வரும். களி கிண்டும்போது தண்ணீர் நன்றாகத் தளதளத்த பிறகு மாவைக் கொட்டி, மூடி போட்டு, சிறு தீயில் வழக்கத்தை விட இரண்டு மடங்கு நேரம் வேக விடுங்கள். பச்சை வாடை போனதா என்று கையை நனைத்துத் தொட்டுப் பார்த்த பிறகு இறக்குங்கள். அவசரப்பட்டால் வயிற்றைப் பிடிக்கும், அந்த உயரத்தில் செரிமானம் ஏற்கெனவே மந்தம். ராகிக் கூழ் இன்னும் நல்லது, முதல் இரண்டு நாள் வாய்க்கு எதுவும் பிடிக்காது, கூழ் இறங்கும். சுகர் இருப்பதால் சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டுவிடக் கூடாது, இதை அப்பாவிடம் நீங்களே நினைவுபடுத்துங்கள்.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த நிலக்கடலை, பொரி உருண்டை, கடலை மிட்டாய், எல்லாம் எடுக்கலாம். புளிக்காய்ச்சலையும் ஊறுகாயையும் கைப்பையில் வைக்காதீர்கள், திரவக் கணக்கில் பிடுங்கிவிடுவார்கள். பெரிய பெட்டியில் வையுங்கள். பாட்டிலை விளிம்பு வரை நிரப்பாமல் பிளாஸ்டிக் தாளை வாயில் வைத்து மூடி, இரண்டு கவரில் கட்டுங்கள். மேலே போகப் போக உள்காற்று விரிந்து மூடியைத் தள்ளும், ஷாம்பு, தேங்காயெண்ணெய்க்கும் இதேதான். சிப்ஸ் பாக்கெட் பந்து மாதிரி உப்பும், அது கெட்டுப்போனதல்ல. பவர் பேங்க் மட்டும் கைப்பையில், அது பெட்டியில் போகக் கூடாது. தீப்பெட்டி, லைட்டர், சிறு கேஸ் அடுப்பு எதுவும் வேண்டாம்.

துணி: செப்டம்பர் கடைசியில் லே பகல் 18, 20 டிகிரி, இரவு 5க்குக் கீழே. பாங்காங் இரவு பூஜ்யத்துக்கும் கீழே. ஒரே தடித்த ஸ்வெட்டர் போடுவதில் பலன் இல்லை, அடுக்கு அடுக்காகப் போட வேண்டும். உள்ளே தெர்மல் இரண்டு ஜோடி, மேலே ஃப்ளீஸ் அல்லது கம்பளி, அதற்கும் மேலே காற்று புகாத ஜெர்கின். வெயிலில் கழற்றவும் நிழலில் போடவும் வசதி அதுதான், வெயிலுக்கும் நிழலுக்கும் அங்கே அத்தனை வித்தியாசம். குரங்குக் குல்லா, கையுறை, கம்பளி சாக்ஸ் ஆளுக்கு மூன்று ஜோடி. பருத்தி சாக்ஸ் வியர்த்தால் காயாது, கால் மரத்துவிடும். அம்மா சேலைதான் கட்டுவார்கள் என்றால் உள்ளே தெர்மல் கால்சட்டை கட்டாயம், வண்டி ஏறி இறங்க சுடிதார் இன்னும் சுலபம். செருப்பு லேயில் அறைக்குள் மட்டும்.

கறுத்த தோல் என்று சும்மா இருக்காதீர்கள், அங்கே வெயில் உரித்துவிடும். எஸ்.பி.எஃப் 50 சன்ஸ்கிரீன், உதட்டுக்குத் தடவ, கறுப்புக் கண்ணாடி ஐந்து பேருக்கும். காற்று வறண்டது, மகளுக்கு மூக்கில் ரத்தம் வரலாம், இரவில் மூக்கினுள் லேசாக வாசலின் தடவிவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர் போதும், அதற்கு மேல் திணிக்க வேண்டாம்.

அம்மாவின் முழங்காலுக்கு: சாந்தி ஸ்தூபிக்கு 500க்கு மேல் படி, ஆனால் வண்டி மேலேயே போகும். லே அரண்மனை ஒன்பது மாடி, வெளியே நின்று பார்த்தால் போதும். திக்சே மடத்தில் படி அதிகம். வழியில் இருக்கும் கழிப்பறைகள் பெரும்பாலும் குழிக் கழிப்பறை, குந்தித்தான் உட்கார வேண்டும். மடக்கும் கமோடு ஸ்டூல் ஒன்று கடைகளில் கிடைக்கும், பெட்டியில் இடம் பிடித்தாலும் அதை விட்டுவிடாதீர்கள்.

---

காவேரிப்பட்டணம் தோப்பு

மூன்று பேருக்கும் நன்றி. திருத்தி இப்படிப் போட்டிருக்கிறேன். லேயில் முதல் மூன்று இரவு, நூப்ராவில் இரண்டு இரவு, அங்கிருந்து ஷ்யோக் வழியாக பாங்காங்கில் ஓர் இரவு, திரும்ப லே. ஆறாம் இரவுதான் பாங்காங் என்பதால் உடம்பு பழகியிருக்கும் அல்லவா? மகள் ஏரியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

---

தேன்கனிக்கோட்டை காடு

உங்கள் திருத்தத்தில் இரண்டு மாற்றம் சொல்கிறேன்.

பாங்காங் இரவு இன்னும் வேண்டாம். நூப்ராவில் 10,000 அடியில் இரண்டு இரவு தூங்கிவிட்டு நேராக 13,900 அடியில் படுக்கிறீர்கள். ஒரே நாளில் 3,900 அடி ஏற்றம். நாள் எண்ணிக்கையில் ஆறாம் நாளாக இருந்தாலும் உடம்பு நூப்ராவின் உயரத்துக்குத்தான் ஒழுங்காகப் பழகியிருக்கும். இளவட்டங்கள் தலைவலியோடு சமாளித்துவிடுவார்கள், 64 வயதில் பிரஷரோடு அந்தச் சோதனை தேவையில்லை. ஏரியை லேயிலிருந்து பகலில் போய்விட்டு வாருங்கள். காரு, சக்தி, சாங் லா, துர்புக், டாங்சே, லுகுங். ஒரு பக்கம் 150 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். காலை ஆறுக்குக் கிளம்பினால் பதினொன்றுக்கு ஏரி, இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு ஒரு மணிக்குத் திரும்ப வேண்டும். சாங் லாவில் போட்டோ எடுத்து இருபது நிமிடத்துக்குள் வண்டி ஏறிவிடுங்கள், டீ குடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. அன்று காலை அப்பாவுக்குச் சரியில்லை என்றால் அவரும் அம்மாவும் லேயிலேயே இருக்கட்டும். பாங்காங்கில் இரவு தங்குவதாகத் திட்டமிட்டிருந்தால் இந்த முடிவை எடுக்கவே முடியாது.

ஏரி உப்புநீர், 134 கிலோமீட்டர் நீளம், அதில் மூன்றில் ஒரு பங்குதான் நம் பக்கம். நிறம் வெயில் இருக்கும்போதுதான், அதனால் நடுப்பகலில் நிற்பது நஷ்டமே இல்லை.

இரண்டாவது மாற்றம்: முதல் இரண்டு இரவை லேயில் போடாமல் ஆல்ச்சி கிராமத்தில் போடுங்கள். லே ஏர்போர்ட்டிலிருந்து 65 கிலோமீட்டர், சிந்து நதியை ஒட்டியே தார்ச்சாலை, இரண்டு மணி நேரம். உயரம் ஏறக்குறைய 10,200 அடி. லேயை விட 1,300 அடி தாழ்வு. அம்மாவுக்கும் அங்கே வசதி, பழைய பௌத்தக் கோயில்கள் சமதரையில்தான், படி இல்லை. சுவரோவியங்கள் 900 வருடத்துக்கு மேல் பழமை, விளக்கில்லாமல் கதவு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், போட்டோ எடுக்க விட மாட்டார்கள். ஆப்ரிகாட் மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு நாள் சும்மா இருப்பது எளிது. லே பஜாரில் சும்மா இருக்க யாராலும் முடியாது, கால் இழுத்துவிடும்.

---

வத்தல்மலை

ஆல்ச்சி யோசனையை ஏற்கிறேன். மருத்துவமனை பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் லேயை நினைத்தேன். ஆனால் ஆல்ச்சிக்கும் லேக்கும் நடுவே கணவாய் எதுவும் இல்லை, இரவிலும் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். அதனால் அந்தத் தாழ்வு உங்களுக்கு லாபம்தான். ஒரே நிபந்தனை, ஏர்போர்ட்டில் அழைத்துப்போகும் வண்டி அந்த இரண்டு இரவும் ஊரிலேயே நிற்கும்படி பேசிவிடுங்கள், அல்லது தங்கும் வீட்டில் வண்டி இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இறங்கிய அன்று வழியில் எதையும் சுற்றிப் பார்க்காமல் நேராகப் போய்ப் படுங்கள். நிம்மு சங்கமத்தைத் திரும்பி வரும் நாளில் பார்க்கலாம், சிந்துவும் ஜன்ஸ்காரும் இரண்டு நிறமாகச் சேரும் இடம், சாலையிலிருந்தே தெரியும்.

அப்படியென்றால் வரிசை: டெல்லியில் ஓர் இரவு. ஆல்ச்சி 2. லே 2, அதில் ஒரு பகல் ஷே, திக்சே மட்டும். ஹுண்டர் 2, மகளுக்கு இரட்டைத் திமில் ஒட்டகம், திஸ்கிட்டில் 106 அடி மைத்ரேயர் சிலை. லே 2, அந்த இரண்டு இரவுக்கும் இடையிலுள்ள பகலில் பாங்காங். பிறகு விமானம். எட்டு நாளில் அடங்காது, வீட்டை விட்டு வீடு வர பத்து நாள், ஓசூர் 44 சொன்ன இடைவெளி நாளையும் சேர்த்தால் பதினொரு நாள். அத்தனை விடுமுறை இல்லை என்றால் குறைக்க வேண்டியது பாங்காங் பகலும் அதற்கான லே இரவும்தான், ஆல்ச்சியின் இரண்டு இரவு அல்ல.

---

தொப்பூர் கணவாய்

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். தர்மபுரியிலிருந்து சொந்த காரில் போனால் மெதுவாக ஏறுவதால் மலைநோய் வராது என்கிறார்களே, சரியா? டீசல் வண்டி, நான்கு பேர், ஜூலையில்.

---

ஓசூர் 44

வழியைப் பொறுத்தது. நம் ஊர் வழியாகப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே ஸ்ரீநகரில்தான் முடிகிறது. ஐதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்மு. இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினாலும் ஆறு நாள் வையுங்கள். ஸ்ரீநகர் 5,200 அடி, அங்கிருந்து சோஜி லா தாண்டி கார்கில் 8,800 அடியில் ஓர் இரவு, அடுத்த நாள் லே. ஸ்ரீநகரிலிருந்து லே 420 கிலோமீட்டர். இந்தப் பக்கம் ஏறினால் நீங்கள் கேள்விப்பட்டது சரி, உடம்புக்குப் படிப்படியான ஏற்றம்.

மணாலி பக்கம் ஏறினால் சரியில்லை. அங்கே பலரும் சார்ச்சுவில் டென்ட்டில் தங்குகிறார்கள், 14,000 அடி. மணாலி 6,700 அடி. மெதுவாக ஏறுவதாக நினைத்துக்கொண்டு ஒரே நாளில் இரண்டு மடங்கு உயரத்தில் போய்ப் படுக்கிறார்கள். ஜூலையில் அந்தப் பக்கம் மழையில் மண்சரிவும் சேரும். அதனால் ஸ்ரீநகர் வழியாக ஏறி, உடம்பு பழகிய பிறகு மணாலி வழியாக இறங்குங்கள். இறங்கும்போது விடியற்காலை லேயை விட்டு, சார்ச்சுவைத் தாண்டி ஜிஸ்பாவில் தங்கிவிடலாம். அந்த வழியில் லேயை ஒட்டிய பங்க்குகளை விட்டால் அடுத்தது டாண்டி என்ற ஊரில்தான், 365 கிலோமீட்டர். டேங்க் நிரப்பாமல் கிளம்பக் கூடாது.

டயர் காற்றை லேயில் ஒருமுறை பாருங்கள். வெளி அழுத்தம் குறைவதால் தர்மபுரியில் 33 வைத்தது அங்கே ஏறக்குறைய 37, 38 காட்டும், கணவாயில் இன்னும் கூடும். குளிர்ந்த டயரில் அளந்து, கம்பெனி சொன்ன அளவுக்கு இறக்குங்கள். ஊர் திரும்பும்போது ஜம்முவிலோ சண்டிகரிலோ மீண்டும் ஏற்ற மறக்காதீர்கள், அந்தக் காற்றோடு சமவெளி வெயிலில் 100 வேகத்தில் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் கிளம்பும்முன் கூலன்ட்டாக மாற்றுங்கள், இரவில் உறையும்.

---

காவேரிப்பட்டணம் தோப்பு

அப்பாவின் டாக்டரைப் பார்த்துவிட்டோம். பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருப்பது உண்மைதான், ஈசிஜியும் உப்புச்சத்துக்கான ரத்தப் பரிசோதனையும் பார்த்த பிறகு டயமாக்ஸ் பற்றிச் சொல்கிறேன் என்றார். விடுமுறை ஒன்பது நாள்தான், மகள் பள்ளியில் இரண்டு நாள் லீவு கேட்கிறோம். கிடைத்தால் பதினொரு நாள் வரிசை. கிடைக்காவிட்டால் பாங்காங்கை விட்டுவிட்டு ஹுண்டர் ஒட்டகத்தோடு திரும்புகிறோம், மகளிடமும் சொல்லிவிட்டேன். ஆல்ச்சியில் வண்டி உள்ள வீடாகப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறோம்.